மருந்து கலக்கும் கை

கதைகளில் வரும் நர்ஸுகளுக்கு ஒருபோதும் ஒன்றும் ஆவதில்லை. இதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ, இல்லையோ? வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக அவள் வருவாள், கதாநாயகனின் நெற்றியில் கை வைப்பாள், ஜுரம் இறங்கும். கதாசிரியருக்கு மனம் இளகியிருந்தால் கடைசி அத்தியாயத்தில் அவளுக்குக் கல்யாணம் நடக்கும். இல்லாவிட்டால், ஒற்றை விளக்கடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். காதல் தோல்வியைத் தவிர வேறு எந்த வியாதியும் அவளை அண்டாது. 1962-ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் புற்றுநோய் வந்தவர் பிழைத்துக்கொள்கிறார். வைத்தியம் செய்த டாக்டர் இறந்துபோகிறார். கைக்குட்டை நனையாமல் கொட்டகையை விட்டு வந்தவர்கள் குறைவு. ஆனால் அங்கேயும் டாக்டரைக் கொன்றது அவருடைய மனப் பாரம்தான். கையில் எடுத்து வேலை செய்கிற மருந்தே வேலை செய்கிறவரைத் தீண்டக்கூடும் என்ற சங்கதி நம் கதையுலகத்துக்கு அவ்வளவாக எட்டவில்லை.

எனக்கு அது எட்டியது என் தங்கை மகள் மூலமாக.

அவள் நர்ஸ். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "ஓகோ, அங்கே அப்படியா!" என்று மற்ற ஆஸ்பத்திரிகளை எல்லாம் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டாம் தடவையாகக் கரு கலைந்தது. முதல் தடவை இரண்டாம் மாதம். அந்தத் தடவை மூன்றாம் மாதம். ஒரு குடும்பத்துக்குள் எத்தனை வைத்தியர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பது இப்படிப்பட்ட சமயங்களில்தான் வெளிப்படும். ராத்திரி டியூட்டிதான் காரணம் என்றார் மாமியார். ஆட்டோ குலுக்கல் என்றாள் என் தங்கை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஒரு சித்தி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். இன்னொருத்தி, "பப்பாளி தின்றாயா? உண்மையைச் சொல்" என்று போலீஸ்காரர் மாதிரி குறுக்கு விசாரணை நடத்தினாள். எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அவள் நான் உட்கார்ந்திருந்த திண்ணைப் பக்கம் வந்தாள்.

"மாமா, உங்களை ஒன்று கேட்கட்டுமா?"

"கேளம்மா."

"நான் தினம் மருந்து கலக்குகிறேனே, அதனால் இருக்குமா?"

"உங்கள் டாக்டரைக் கேட்டாயா?"

"கேட்டேன். 'அதையெல்லாம் நினைச்சு மனசைக் குழப்பிக்காதீங்க சிஸ்டர்' என்றார். குழம்பாமல் இருப்பதற்குத்தானே கேட்டேன்? நீங்கள் ஒரு கதை எழுதுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் புத்தகம் புரட்டுவீர்களே, எனக்காகவும் கொஞ்சம் புரட்டிப் பாருங்களேன்."

புரட்டினேன். அதற்கு முன், அவள் என்னதான் செய்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மருந்து கலக்குவது என்றால் எனக்கு, நமக்கெல்லாம் போல, கம்பவுண்டர் மரக்கதவுக்குப் பின்னால் சிவப்புத் தண்ணீரைக் குலுக்கி, புட்டியின் பக்கவாட்டில் அளவுக் காகிதம் ஒட்டித் தருவதுதான் ஞாபகம் வந்தது. இது வேறு.

புற்றுநோய் மருந்துகளில் பல, சின்னக் கண்ணாடிப் புட்டியில் பொடியாக வரும். ரப்பர் மூடி வழியே ஊசியை இறக்கித் தண்ணீர் மருந்தைச் செலுத்த வேண்டும்; பொடி கரையும்வரை மெதுவாகச் சுழற்ற வேண்டும்; பிறகு கரைசலை ஊசிக்குழலில் இழுத்து, சலைன் பாட்டிலுக்குள் சேர்க்க வேண்டும். சொல்வதற்கு மூன்று வரி. ஆனால் புட்டிக்குள் தண்ணீர் போனவுடன் உள்ளே காற்றின் அழுத்தம் ஏறுகிறது. ஊசியை வெளியே இழுக்கும்போது அந்தத் துளை வழியாக மருந்து புகை மாதிரி, கண்ணுக்குத் தெரியாத தூறலாகப் பீறிடும். சில சமயம் கண்ணுக்குத் தெரிகிற தூறலாகவும். சில மருந்துகள் ஆம்பூலில் வரும். கழுத்தை ஒடித்தால் ஒரு துளியாவது விரலில் படும். கடைசியில், டிரிப் ஏற்றுவதற்கு முன் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு மருந்தையே குழாய் வழியாக ஓடவிட்டு, நுனியில் நாலு சொட்டு விழுந்தால் சரி என்று மூடுவார்கள். அந்த நாலு சொட்டு எங்கே விழும்? தரையில், தொட்டியில், செருப்பில்.

அவள் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் செய்தது வார்டுக்குப் பின்னால் ஓர் அறையில். ஒரு மேஜை, ஒரு ஜன்னல், தலைக்கு மேல் மின்விசிறி. கையில் ஒரு சாதாரணக் கையுறை. அது தீர்ந்துபோன நாளில் அதுவும் இல்லை. மேஜையின் மறுகோடியில் எல்லோருடைய டிபன் டப்பாக்களும் வரிசையாக இருக்கும். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து புட்டி. "சிவப்பு மருந்து மட்டும் பட்டால் தெரியும் மாமா, அதனால் அதற்குப் பயப்படுவோம். மற்றதெல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கும், பட்டதே தெரியாது" என்றாள். இந்த வாக்கியத்தை நான் அப்போது சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

இந்த மருந்துகளின் பூர்வீகத்தைப் பார்க்கப் போனால், ஆஸ்பத்திரியைவிட யுத்தகளம்தான் முதலில் வருகிறது. முதல் உலக யுத்தத்தில், 1917-ல், ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தில் இப்ரே என்ற ஊரருகே கடுகு வாயு என்ற விஷத்தைப் பிரயோகித்தார்கள். பட்ட இடம் கொப்புளிக்கும், கண் அவியும். பிழைத்தவர்களின் இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் வெள்ளை அணுக்கள் குறைந்துபோவதை வைத்தியர்கள் குறித்து வைத்தார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே ஒரு நோயாக இருக்கும்போது, அவற்றைக் குறைக்கிற விஷம் மருந்தாகாதா? இந்தக் கேள்வியோடு, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்ற இருவர் கடுகு வாயுவின் தாயாதியான ஒரு பொருளை 1942-ல் ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். கட்டிகள் கரைந்தன. பிறகு திரும்பவும் வந்தன என்பது வேறு விஷயம். யுத்த ரகசியம் என்பதால் 1946 வரையில் இதை வெளியில் சொல்லவில்லை.

இதற்கு நடுவில், 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, இத்தாலியில் பாரி என்ற துறைமுகத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற 'ஜான் ஹார்வி' என்ற அமெரிக்கக் கப்பலுக்குள் சுமார் 2,000 கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. யாருக்கும் தெரியாது; பரம ரகசியம். கப்பல் வெடித்து, விஷம் கடலில் மிதந்த எண்ணெயோடு கலந்தது. அதில் நீந்திக் கரையேறிய மாலுமிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குளிரில் நடுங்குகிறார்கள் என்று நனைந்த உடுப்போடேயே கம்பளியில் சுற்றி உட்காரவைத்தார்கள். விடிவதற்குள் கண் திறக்க முடியவில்லை, தோல் கொப்புளித்தது. வார்டெல்லாம் பூண்டு வாசனை. 600-க்கு மேற்பட்டவர்களை விஷம் தாக்கியது. 83 பேர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ டாக்டர்தான் இது என்ன விஷம் என்று துப்பறிந்து எழுதினார். பாதிக்கப்பட்டவர்களின் வெள்ளை அணுக்கள் எப்படிச் சரிந்தன என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது.

ஓர் ஆச்சரியம்: என் மருமகள் பயப்படுகிற அந்தச் சிவப்பு மருந்துக்கு அட்ரியாமைசின் என்று பெயர் வந்தது, பாரி நகரம் நிற்கிற அதே ஏட்ரியாடிக் கடலின் பெயரால். அதன் மூத்த சகோதரி மருந்தை, பாரியிருக்கும் அதே அபூலியா மாகாணத்தில் ஒரு பழைய கோட்டையருகே எடுத்த மண்ணிலிருந்த கிருமியிலிருந்துதான் இத்தாலிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். ஒரே கடற்கரையில் விஷமும் விளைந்தது, மருந்தும் விளைந்தது. கதையில் எழுதினால், "ரொம்ப ஜோடனையாக இருக்கிறதே!" என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

நம் பக்கத்துப் பங்கும் இதில் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு செய்துகொடுத்த மருந்தைத்தான், பாஸ்டனில் ஸிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. ஆடுகூட வாய் வைக்காமல் வேலியோரத்தில் பூத்துக் கிடக்கிறதே, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதேதான்.

எதற்கு இவ்வளவு பூர்வ கதை என்றால், இந்த மருந்துகள் வேலை செய்கிற விதம் அதில் இருக்கிறது. உடம்பில் வேகமாகப் பெருகுகிற உயிரணுக்களைத் தேடி அழிப்பதுதான் இவற்றின் தொழில். சில மருந்துகள் உயிரணுவின் உள்ளே இருக்கும் மரபுச் சரட்டையே போய்ப் பிடித்துச் சேதப்படுத்தும். புற்றுக்கட்டியில் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன, சரி. மயிர்க்காலிலும் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் அப்படித்தான் பெருகுகின்றன. அதனால்தான் முடி கொட்டுவதும், வாந்தியும், இரத்தம் குறைவதும். கருப்பையில் மூன்று மாதச் சிசுவைப் போல வேகமாகப் பெருகும் வஸ்து வேறு எது?

நோயாளிக்கு இது ஒரு வியாபாரம். உயிரையே கொண்டுபோக வந்திருக்கும் நோய்க்கு எதிராக அவர் முடியையும் தெம்பையும் கொடுக்கிறார்; பல வருஷம் கழித்து இதே மருந்தால் இரத்தப் புற்று வரக்கூடும் என்ற சிறிய அபாயத்தையும் ஏற்றுக்கொள்கிறார். நஷ்டமும் உண்டு, லாபமும் உண்டு. மருந்து கலக்குகிற நர்ஸுக்கு லாபக் கணக்கே கிடையாது. அவளுக்குப் போகிற அளவு மிகக் கொஞ்சம், வாஸ்தவம். ஆனால் நோயாளிக்கு ஆறு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. அவளுக்கு உத்தியோகம் இருக்கும்வரை தினமும்.

இதை முதலில் பரிசோதித்துக் காட்டியவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1979-ல், ஹெல்சிங்கியிலிருந்த தொழில் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு சிறிய கடிதம் எழுதினார்கள். புற்றுநோய் வார்டு நர்ஸுகளின் சிறுநீரைச் சோதித்ததைப் பற்றிய கடிதம் அது.

சோதித்த முறை அழகானது. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. ஒரு வகைக் கிருமி. அதற்குத் தேவையான ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளும் சக்தியை இழந்த ஊனக் கிருமி. அந்தச் சத்து இல்லாத தட்டில் விட்டால் அது வளராது. ஆனால் அதன் மரபுச் சரட்டைப் போய்த் தொடுகிற பொருள் ஏதாவது தட்டில் இருந்தால், சில கிருமிகளின் ஊனம் தற்செயலாகச் சரியாகிவிடும். அவை புள்ளி புள்ளியாக வளர ஆரம்பிக்கும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். ஊமைப் பிள்ளைகள் நிறைந்த அறையில் யாரோ ஒருவன் திடீரென்று பேசுவது மாதிரி. காரியாலயத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் சிறுநீரைவிட, மருந்தைக் கையாண்ட நர்ஸுகளின் சிறுநீரில் இந்தச் சக்தி கூடுதலாக இருந்தது. அதாவது, மருந்து அவர்கள் உடம்புக்குள் போய்விட்டு வந்திருக்கிறது.

ஹூஸ்டனிலும் 1982-ல் இதே பரிசோதனையை மருந்து கலக்குகிறவர்களிடம் செய்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை. அவர்கள் திறந்த மேஜையில் கலக்கவில்லை. சுத்தமான காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் கலக்கினார்கள். ஆனால் அந்தப் பெட்டி மருந்தில் தூசி விழாமல் இருப்பதற்காகச் செய்தது. பின்னாலிருந்து காற்றை வீசி, மருந்தைத் தாண்டி, நேராகக் கலக்குகிறவர் முகத்தில் கொண்டுவந்து விட்டது! காற்று மேலிருந்து கீழே இறங்கி உள்ளேயே உறிஞ்சப்படும் வேறு வகைப் பெட்டியில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் குறி காணவில்லை. மருந்தின் சுத்தத்தைப் பற்றி யோசித்தவர்கள் மனிதரைப் பற்றி யோசிக்காததால் வந்த கோளாறு.

இதெல்லாம் சிறுநீரோடு நின்றது. என் மருமகள் கேட்ட கேள்விக்கு நேராகப் போனது 1985-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்த ஆராய்ச்சி. அதுவும் பின்லாந்தில் நடந்ததுதான். பதினேழு ஆஸ்பத்திரிகளின் நர்ஸுகளில் கரு கலைந்த 124 பேரையும், குழந்தை பெற்ற 321 பேரையும் ஒப்பிட்டார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகமாகத் தெரிந்தது. இருபத்தேழு வருஷம் கழித்து, 2012-ல், அமெரிக்காவில் 7,482 நர்ஸுகளின் கர்ப்பங்களைப் பார்த்து ஒரு கணக்கு வெளிவந்தது. அதிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையுறையும் கண்ணாடிப் பெட்டியும் பரவிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட காலத்துக் கணக்கு அது.

இப்போது அவளுக்கு நான் என்ன சொல்வது?

இரண்டு மடங்கு என்றால் எதற்கு இரண்டு மடங்கு? எந்த மருந்தும் தொடாத பெண்களிலேயே, கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கலைந்துவிடுகிறது. மருந்து கலக்குகிற நூறு பேரில் இருபது பேருக்குக் கலைந்தால், அந்த இருபது பேரில் எந்தப் பத்துப் பேருக்கு மருந்தால், எந்தப் பத்துப் பேருக்கு இயற்கையால் என்று பிரித்துச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடியாது. ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் புள்ளிவிவரம், ஒருத்தி வந்து "எனக்கு?" என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று நினைத்துப் பாருங்கள். சுவரில் மோதிக் கை ஒடிந்தால் சுவர்தான் சாட்சி. இங்கே சாட்சி கிடையாது. மூத்த நர்ஸ் ஒருவர் என் மருமகளிடம் சொன்னாராம்: "முப்பது வருஷமா வெறுங்கையாலே கலக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?" அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நிஜம். ஆனவர்கள் பெரும்பாலும் அந்த அறையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதும் நிஜம்.

நான் படித்ததையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். "இதனால்தான் என்று சொல்ல முடியாதம்மா. இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றேன். அவள் அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"போதும் மாமா. இத்தனை நாளாக எல்லோரும் நான் எதையோ தின்றேன், எங்கேயோ குதித்தேன் என்றுதானே சொன்னார்கள்?"

இங்கே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று நான் வெகு நாள் தயங்கியதற்குக் காரணமே இதுதான். நம் வீடுகளில் புற்றுநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கும் கொடுமை இன்னும் ஒழியவில்லை. அது ஒட்டுவாரொட்டி அல்ல என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்லியாகிவிட்டது. அப்படியிருக்க, "மருந்தே ஆபத்து" என்று எழுதினால், பேரனைத் தாத்தா மடியிலிருந்து இறக்கிவிட நாலு பேர் கிளம்பிவிடுவார்களே! ஆகவே உரக்கச் சொல்லிவிடுகிறேன்: மருந்து ஏற்றிக்கொண்டவர் பக்கத்தில் உட்காருவதால், கையைப் பிடித்துக்கொள்வதால், கட்டி அணைப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஜாக்கிரதை வேண்டியது, மருந்து ஏற்றிய பிறகு சுமார் 48 மணி நேரத்துக்கு, சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதல் நேரத்துக்கு, அவருடைய சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில்தான். அவற்றில் மருந்தின் ஒரு பங்கு வெளியே வருகிறது. துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள். அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணி அந்த வேலையைச் செய்ய வேண்டாம். அவ்வளவுதான். தாத்தா மடியில் பேரன் இருக்கட்டும்.

நர்ஸுகளின் விஷயத்துக்கு வருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பது உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை. சாதாரண ரப்பர்க் கையுறை வழியாகச் சில மருந்துகள் நிமிஷக் கணக்கில் ஊடுருவிவிடும். அதனால் அதற்கென்று சோதித்த கையுறை, அதையும் அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திரவம் ஊறாத நீளக்கை அங்கி. காற்றை உள்ளேயே உறிஞ்சும் பெட்டி. ஊசியை இழுத்தாலும் துளி சிந்தாத மூடிய குழாய்ச் சாதனம். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டுமல்ல, கர்ப்பமாக விரும்பினாலே வேறு இடத்தில் வேலை. அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிலையம் 2004-ல் விடுத்த எச்சரிக்கையில் தோல் தடிப்பு, மலட்டுத்தன்மை, கருச்சிதைவு, பிறவிக் கோளாறு, ஒருவேளை புற்றுநோயும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டது. ஐரோப்பிய யூனியன், தொழிலாளர்களைப் புற்றுநோய்ப் பொருள்களிலிருந்து காப்பாற்றும் தன் சட்டத்தில் இந்த மருந்துகளையும் சேர்த்துக்கொண்டது 2022-ல்தான். 1979-க்கும் 2022-க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்குள் ஒரு நர்ஸ் பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிடுவாள்.

கையுறை போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் புட்டியின் வெளிப்புறத்திலேயே மருந்துப் பொடி ஒட்டியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மருந்தைத் தொட்ட கையுறையோடு டெலிபோனை எடுத்தால் டெலிபோனிலும், கதவைத் திறந்தால் பிடியிலும் அது போய் உட்காருகிறது. நெதர்லாந்தில் மருந்தையே கலக்காதவர்களின் சிறுநீரில்கூட அது அகப்பட்டது. நான் இதைச் சொன்ன அன்றைக்கே என் மருமகள் செய்த முதல் புரட்சி, டிபன் டப்பாக்களை அந்த அறையிலிருந்து வெளியேற்றியதுதான். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்களாம், மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று.

மற்றவற்றுக்கு அனுமதி வேண்டியிருந்தது. அவளும் இன்னும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனுக் கொடுத்தார்கள். மனுவை எழுதித் தந்தது நான்தான். என் எழுத்துக்களில் அதுதான் மிகச் சிறியது, பதினோரு வரி. நிர்வாகி அதைப் படித்துவிட்டு, "யாரம்மா எழுதிக் கொடுத்தது, நல்ல தமிழா இருக்கே?" என்று கேட்டாராம். கண்ணாடிப் பெட்டி என்ன விலை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் கொடுப்பதற்காக வெளியிலிருந்து சோதனைக்குழு வரப்போகிறது என்று தெரிந்ததும், ஒரே மாதத்தில் பெட்டி வந்து இறங்கியது. கலக்கும் வேலையை வார்டிலிருந்து எடுத்து மருந்தகத்தில் தனி அறைக்கு மாற்றினார்கள். மனுவால் வந்ததா, சான்றிதழால் வந்ததா? இதற்கும் புள்ளிவிவரம் பதில் சொல்லாது.

அவளை இரண்டு வருஷம் வெளிநோயாளிப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். கேட்டு வாங்கிக்கொண்டாள், படிக் காசு குறைந்தது. "பயந்தாங்கொள்ளி" என்று ஒருத்தி சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. நாலு வயசு, வாயாடி. அதைக் கொண்டு எதுவும் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மாமியார் இப்போதும், ராத்திரி டியூட்டியை விட்டதால்தான் என்கிறார். சித்தி, தான் சுற்றிப் போட்ட மிளகாய் என்கிறாள்.

குழந்தைக்கு ஒரு வயசானதும் அவள் திரும்பவும் அதே வார்டுக்கே போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டேன். "நரம்பு அகப்படாத கையில் ஊசி ஏற்ற அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும் மாமா, நான் ஒருத்தி" என்றாள். அதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்?

சென்ற மாதம் வந்திருந்தபோது வேறொரு கவலையோடு வந்தாள். வார்டு ஆயாவைப் பற்றி. பெட்பானை எடுப்பதும், வாந்தியைத் துடைப்பதும், மூத்திரம் நனைத்த படுக்கை விரிப்புகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதும் அந்த அம்மாள்தான். பின்லாந்தில் எண்ணினார்கள், அமெரிக்காவில் எண்ணினார்கள், எண்ணியது நர்ஸுகளை. எங்கள் மனுவின் பதினோரு வரியிலும் ஆயா இல்லை. கான்ட்ராக்டர் ஆள் என்பதால் ஆஸ்பத்திரியின் கையுறைக் கணக்கில் அந்த அம்மாளின் பெயரே கிடையாதாம். என் மருமகள் தன் பெட்டியிலிருந்து கையுறை எடுத்துக் கொடுத்து, சிவப்பு மருந்து ஏறின கட்டில் எது என்று காட்டி, அங்கே மட்டுமாவது போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்த மருந்து ஏறினவர்களுக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், அடையாளம் சுலபம்.

ஆயா இரண்டு நாள் அப்படியே செய்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டாளாம்: "ஏன் சிஸ்டர், மத்த கட்டில்லயும் மருந்துதானே ஏத்தறீங்க? அது வெள்ளையாப் போனா ஒண்ணும் பண்ணாதா?"

இந்த மாதம் முதல் கையுறைப் பெட்டி ஒன்று கழிப்பறைப் பக்கமும் இருக்கிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஸ்டோர் குமாஸ்தா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.